வெறும் இரும்பு

"இரும்பு! வெறும் இரும்பு!" என்று பேசில் கத்தியபோதே டெஸ்மண்டுக்கு உறைத்துவிட்டது, ஆசாமி புளுகுகிறார் என்று.

இரும்பு கிடைத்தவன் முகத்தைச் சுளிப்பான், அடுத்த அடி வைப்பான். பேசிலோ காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். பூனை போலப் பத்தடி பின்வாங்கி, பையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து மண்ணில் நட்டார்.

"இந்தப் பக்கம் வராதீங்கப்பா. ஆணியும் கலப்பைத் துண்டுமா ஒரே குப்பை!"

பிறகு வேலியோரம் ஒதுங்கி யாருக்கோ போன் போட்டார், குரலைத் தாழ்த்தி.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஹோல்டனின் நிலம் அது. பழைய நாணயம் தேடி பேசில், டெஸ்மண்ட், மியூரியல் மூவரும் பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் உலோகம் காட்டும் கருவியோடு அலைகிறார்கள். கிடைப்பதில் பாதி நிலத்துக்காரருக்கு. மீதியில் அவர்களுக்குள் ஒரே சட்டம்தான்: யார் கருவி கத்துகிறதோ, பொருள் அவருடையது. இரும்பு என்று விட்டுவிட்டால், யார் வேண்டுமானாலும் தோண்டலாம்.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ்மண்டுக்கு இதுவரை கிடைத்தது பித்தானும் பீர் டின் வளையமும்தான். ஒரே ஒரு தங்கக் காசைக் கையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று மனிதருக்குத் தீராத ஆசை. நாளைக்கு இந்த நிலத்தில் பார்லி விதைப்பு. இனி அறுவடை முடிந்துதான் உள்ளே விடுவார்கள். அதற்குள் முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்புறம் மண்டியிட முடியுமோ முடியாதோ, டாக்டருக்கே தெரியவில்லை.

தேநீருக்கு உட்கார்ந்ததும் டெஸ்மண்ட் ஆரம்பித்துவிட்டார்.

"பேசில், அந்தக் குச்சி எதுக்கு?"

"எந்தக் குச்சி?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே."

"ஓ, அதுவா? சும்மா ஒரு அடையாளம்."

"பதினோரு வருஷத்துல வண்டி வண்டியா இரும்பு எடுத்திருக்கே. ஒரு தடவையாவது குச்சி நட்டிருக்கியா? போன்ல யாரு?"

"ஹோல்டன். நாளைக்கு டிராக்டர் எத்தனை மணிக்கு வருதுன்னு கேட்டேன்."

"அதானே பார்த்தேன்! டிராக்டருக்கு முன்னாடி நீ வந்துடலாம்னா?"

பேசிலின் காது சிவந்துபோனது.

மியூரியல் பழக் கேக்கை வெட்டி இருவர் கையிலும் திணித்தார். "மெல்றதுக்கு மட்டும் வாயைத் திறங்க, ரெண்டு பேரும்."

டெஸ்மண்டுக்குக் கேக் இறங்கவில்லை. தங்கம்கூடப் பெரிதில்லை. பதினோரு வருடம் ஒரே ஃபிளாஸ்க்கில் குடித்தவன் இப்படிச் செய்யலாமா?

மூட்டை கட்டும் நேரத்தில், "மண்வாரியை மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியே திரும்பினார். இரும்பு என்று விட்ட இடம்தானே? சட்டம் சட்டம்தான்.

குச்சியைச் சுற்றிக் கருவியை வீசினார். ஒன்றுமில்லை. பத்தடி தள்ளிப் போனார்.

கருவி கணீரென்று பாடியது.

பதினோரு வருடமாக அவர் கனவில் மட்டும் கேட்ட சத்தம். மண்டியிடப் போனவரின் காலடியிலிருந்து ஒரு பறவை அலறிக்கொண்டு எழும்பியது. ஆள்காட்டி. கொண்டையைச் சிலிர்த்தபடி அவர் தலைக்கு மேலேயே வட்டமடித்து ஓலமிட்டது.

கீழே பார்த்தார். வெறும் மண்ணில், மண் நிறத்திலேயே நான்கு முட்டைகள். இன்னும் அரையடி வைத்திருந்தால் கூழாகியிருக்கும்.

போன வசந்தத்திலும் இதே வயலில் ஒரு கூடு இருந்தது. பேசில்தான் கண்டுபிடித்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாணயம் தேடுவோர் சங்கத்தார் மொத்தமும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். தாய்ப் பறவை திரும்பி வரவே இல்லை. சாயங்காலத்துக்குள் காக்கை முட்டைகளைக் கொத்திவிட்டது. அன்றைக்கு கேமராவோடு முதலில் ஓடியவர் டெஸ்மண்ட்தான்.

மூங்கில் குச்சியைத் திரும்பிப் பார்த்தார். அது நிற்பது டிராக்டர் வரும் பக்கம். கூட்டை மிதிக்காமல் டிராக்டர் ஒதுங்கிப் போகத்தான் குச்சியும் போனும்; மறுபடி கூட்டம் கூடாமலிருக்கத்தான் அந்த இரும்புப் பொய். இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு சுட்டது.

முட்டைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் என்னவோ கிடக்கிறது. கையை நீட்டினால் போதும். அவர் கருவியை அணைத்தார்.

வண்டியருகே வந்து சேர்வதற்குள் வியர்த்துப்போனார். மியூரியல் உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பேசில் வெளியே, முகம் வெளுத்து நின்றார்.

"அங்கயா போனே?"

"ஆமா."

"என்ன கிடைச்சுது?"

"இரும்பு. வெறும் இரும்பு."

பேசில் அவரையே பார்த்தார். காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தார்.

"உன் கைத்தடி எங்கடா?"

"அங்கதான் நட்டிருக்கேன்," என்று பேசிலின் தோளைப் பிடித்துக்கொண்டார் டெஸ்மண்ட். "டிராக்டர் திரும்பி வர்ற பக்கம் நீ குச்சி வைக்கலையே!"