வரிசையில் மிஞ்சிய வீடு

கம்பெனி முதலாளி சமத்துவத்தில் கரைகண்டவர். தொழிலாளிகளுக்கெல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, தமக்கு மட்டும் சற்றே வேறு மாதிரி, மாடியும் தோட்டமுமாகக் கட்டிக்கொண்டார். ஷிப்ட் முடிந்த தூக்கக் கலக்கத்தில் ஆட்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைவதும், அங்குள்ள பெண் திருப்பி அனுப்புவதும் ஊரில் வாடிக்கை.

கம்பெனியை மூடியபின் அந்த வீட்டு வரிசையை இடித்துத் தள்ளினார்கள். தன் வீட்டைச் சொந்தமாக வாங்கிக்கொண்ட ஒரு ஃபிட்டருடையது மட்டும் மிஞ்சியது.

ஒரு மாலை அவர் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் தள்ளினார். மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"வீடு மாறி வந்துட்டீங்கண்ணே. உங்க வீடு அடுத்தது."

"அண்ணனா? கட்டின புருஷனையே தெரியலையாடி?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவருடைய குரலே கேட்டது. "யாரு அது?"

"பக்கத்து வீட்டு அண்ணன். பாவம், அசதி போல."

கதவு மரியாதையாகச் சாத்தப்பட்டது. ஃபிட்டர் குழம்பிப்போய்ப் பக்கத்தில் பார்த்தார். முள் மண்டிய வெற்று மனை.

"அங்க நின்னு என்ன வேடிக்கை? சாப்பாடு ஆறுது, வாங்க" என்றது அங்கிருந்து ஒரு பெண்குரல், உரிமையோடு.

ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். பிறகு, வாசற்படி இருந்திருக்க வேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றினார்.