மடுத்தீன் தெருக் கால்வாய்

மாமன்றக் கூட்டத்தில் கவுன்சிலர் ஆறுமுகநயினாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. மழை பெய்தால் அவர் வார்டில் மடுத்தீன் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். “கால்வா இல்லாம இங்கன வந்துராதிய அண்ணாச்சி” என்று தெருப் பெண்கள் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குப்பை வண்டி, பூங்காத் தீர்மானங்கள் வாசித்த வேகத்தில் நிறைவேறின. அடுத்தது கால்வாய். அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து இளம் கவுன்சிலர் செல்வின் துள்ளி எழுந்தான். இருவரும் ஒரே கட்சி, எதிர்க்கட்சி.

“மடுத்தீன் தெருவுக்குக் கால்வா எதுக்கு? வரிப்பணம் வீணாப் போவுது! நாங்க எதிர்க்கோம்!”

“ஏலே, உக்காருலே!” ஆறுமுகநயினார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். செல்வின் அடங்காமல் மேசையைக் குத்தினான்.

மேயர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பத்திரிகைக்காரங்க பாத்துக்கிடுங்க, ஜனங்களுக்கு நல்லது செய்ய விடாதது யாருன்னு! இந்த மாசமே வேலை தொடங்கும். தீர்மானம் நிறைவேறியது!”

ஆளுங்கட்சி மேசைகள் அதிர்ந்தன.

வெளியே வந்ததும் ஆறுமுகநயினார் செல்வினின் காலரைப் பற்றினார். “கூட இருந்தே குழி பறிக்கியாலே?”

“நீங்க கேக்கக் கேக்க ஆளுங்கட்சிக்காரவ ஒவ்வொரு கூட்டமாத் தள்ளிக்கிட்டே போனாவ அண்ணாச்சி. நான் வேண்டாம்னேன், உடனே குடுத்துட்டாவல்லா?”

அவர் காலரை விட்டார். கசங்கியதை நீவியும் விட்டார்.

“அடுத்த கூட்டத்துல என் வார்டு குடிதண்ணி வருது. அதையும் எதிர்த்துருலே.”