சூடு ஏறாத கால்

"உதைக்கிறதுக்கு முன்னாடி வார்ம்-அப் பண்ணீங்களா?"

வலது தொடைக்கு அடியில் ஐஸ் பையைச் செருகிக்கொண்டே கேட்டாள் பிசியோதெரபிஸ்ட். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த கராத்தே டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"திருடன் பின்னாலேயே வந்து தோளைப் பிடிக்கிறான். 'கொஞ்சம் நில்லுப்பா, உடம்பைச் சூடு பண்ணிட்டு வந்து உதைக்கிறேன்'னு சொல்லவா முடியும்?"

பதினெட்டு வருடங்களாக அந்தம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அவருடைய வகுப்பில் கால் மணி நேரம் குதித்து, வளைந்து, வியர்த்த பிறகுதான் காலைத் தூக்கவே அனுமதி. தாமதமாக வந்து அதிலிருந்து நழுவப் பார்ப்பவர்கள் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். இன்று அவரே நழுவிவிட்டார். தொடைத் தசை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இந்தக் காலை அசைக்காதீங்க. இடது காலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிட்டே இருங்க, விறைச்சுப் போகாம இருக்கும்."

டீச்சர் ஆரம்பித்தார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. கட்டில் கிறீச் கிறீச் என்றது.

"அடி பலமாங்க?" என்று பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"எனக்கா, அவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"இடுப்பைப் பார்த்து ஒண்ணு விட்டேன். சுருண்டு விழுந்தான். ஆறடி இருப்பான், நல்ல முரட்டு ஆளு."

"ஆறடியா?"

"கூடவே இருக்கும்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்? எதிர்த்தாப்புல பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வச்சிருப்பேன். தோள்ல கை பட்டுச்சு, கால் போயிடுச்சு. பயிற்சின்னா அதுதான். நான் போட்ட சத்தத்துல நாலு பேர் துரத்தினாங்க. எப்படியோ தப்பிச்சுட்டான்."

பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

"சும்மா ஓடியிருந்தாலும் பரவாயில்லை. பையில நீல ஃபைல் ஒண்ணு வச்சிருந்தேன். என் பொண்ணோட ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அதுக்குள்ளதான். அதை உருவிட்டுப் போயிட்டான். நாலு மணிக்குள்ள காலேஜ்ல கொடுக்கலைன்னா சீட்டு வேற யாருக்காவது போயிடும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால். பிசியோதெரபிஸ்ட் நாற்காலியில் கிடந்த கைப்பையைப் பார்த்தாள்.

"பையோட ஜிப் பிஞ்சிருக்கே, டீச்சர்."

"அவன்தான் பிச்சிருப்பான், பாவி."

"புகார் கொடுத்தாச்சுங்களா?" என்றது குரல்.

"பொண்ணு இப்போ போலீஸ் ஸ்டேஷன்லதான் இருக்கா. நர்ஸிங் படிக்கணும்னு மூணு வருஷமா ராத்திரி பகலாப் படிச்ச பொண்ணு. அழுதுகிட்டே போனா." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனை உதைக்கத் தெரிஞ்ச எனக்கு ஒரு ஃபைலைக் காப்பாத்தத் தெரியலையே. இத்தனை வருஷம் கத்துக்கிட்டு என்ன பிரயோசனம்?"

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. தன் புலம்பலால் பாவம் அவருக்கும் சங்கடம் என்று டீச்சருக்குத் தோன்றியது. பேச்சை மாற்றினார்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. நான் டெய்லர். இருபது வருஷமா உட்கார்ந்தே வேலை. இன்னைக்குத் திடீர்னு தலைதெறிக்க ஓட வேண்டியதாப் போச்சு."

"நாய் துரத்துச்சா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"ஆக, நீங்களும் வார்ம்-அப் இல்லாமதான்." டீச்சருக்குக் காலையிலிருந்து வராத சிரிப்பு வந்தது.

பிசியோதெரபிஸ்ட் அவருடைய இடது காலைத் தொட்டுப் பார்த்தாள். "போதும் டீச்சர், இது நல்லா சூடாயிடுச்சு. இப்போ ஒரு உதை விட்டீங்கன்னா சுவரே இடிஞ்சு விழுந்துடும்."

அந்தப் பக்கம் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. "டாக்டர், கொஞ்சம் இங்கே வாங்களேன்" என்று கூப்பிட்டார் டெய்லர். அவள் போனாள். ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு வாசல் கதவு திறந்து மூடியது.

திரும்பி வந்தவள் டீச்சரின் கையில் நீல ஃபைலை வைத்தாள்.

டீச்சர் பதறிப்போய்த் திறந்தார். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. அட்டையின் ஒரு மூலையில் மட்டும் தெருப்புழுதி.

"பஸ்ஸை விட்டு இறங்கும்போது உங்க பையிலேர்ந்து விழுந்துச்சாம். கொடுக்கிறதுக்காகத்தான் பின்னாலேயே ஓடி வந்தாராம்."

டீச்சர் உடனே மகளைப் போனில் அழைத்தார். "புகார் வேண்டாம்மா. ஃபைல் கிடைச்சிடுச்சு. நேரா இங்கே வா. ஓடாதே, நடந்தே வா, நேரம் இருக்கு."

பிறகுதான் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஐந்தடிகூட இல்லாத ஒல்லியான மனிதர் ஒருவர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"இவரா? ஐயோ, பக்கத்துக் கட்டில்லதானே இருந்தார். என் கையிலேயே கொடுத்திருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன், டீச்சர். 'கொடுக்கலாம்னுதான் எழுந்தேன். அந்தம்மாவோட இடது கால் நல்லா சூடாயிடுச்சுன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு'ன்னார்."