பெட்டிக்கு மட்டும் ரசீது

2007ஆம் ஆண்டு. ஓய்வுபெற்ற தபாலதிபர் நவரட்ணராஜா, தன் கிழட்டுக் கம்ப்யூட்டரை மடியில் வைத்தபடி ஓட்டோவில் வந்து, கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வாசலில் இறங்கினார். பார்த்ததுமே எனக்கு இரங்கலுரைதான் வாயில் வந்தது.

“இதுக்கு இனி வைத்தியம் இல்ல சேர், அடக்கம்தான். புதுசு ஒண்ணு வாங்குங்க.”

“வேண்டாம் தம்பி. இதையே ஓடப்பண்ணித் தாங்கோ. மகன் வந்தால் பாவிப்பான்.”

“அப்போ உள்ள எல்லாத்தையும் மாத்தி, வெளிப்பெட்டிக்குப் புதுக் கேசிங்கும் போட்டுடுறேன்.”

“உள்ளுக்கை என்னத்தையும் மாத்துங்கோ. கேசிங்கிலை கை வைக்காதேங்கோ. பின்னாலை இருக்கிற இலக்கம் அழியக்கூடாது.”

“துருப்பிடிச்ச தகரம் சேர் இது. தங்கமா என்ன?”

அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சிங்களத்தில் எழுதிய ரசீது. விசாரணைக்காக எடுத்தது கம்ப்யூட்டர் ஒன்று. கீழே அதே இலக்கம், திகதி, ஓர் அதிகாரியின் கையொப்பம்.

“ஜீப்பிலை வந்தவை மகனையும் இதையும் ஒண்டாத்தான் ஏத்தினவை. ஒரு மாசத்தாலை இதைத் திருப்பித் தந்திட்டினம். மகன் எங்கை எண்டு கேட்டால், உங்கடை வீட்டுக்கு நாங்கள் வரவேயில்லை எண்டு சொல்லினம். அவை வந்தவை எண்டு வழக்கிலை காட்ட இந்தப் பெட்டியும் ரசீதும்தான் இருக்கு.”

என் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

அவர் தாளைக் கவனமாக மடித்தார்.

“தபால் கந்தோர்ப் பழக்கம், பெட்டியைத் தூக்கேக்கை ரசீது கேட்டு வாங்கிப்போட்டன். பிள்ளைக்கும் கேக்கவேணும் எண்டு எனக்குத் தெரியேல்லை தம்பி.”