மாடியில் ஏறிய வைக்கோல்

"இந்தத் தெரு தேறாதும்மா. எல்லாமே கூரை வீடு" என்றான் கலந்தர், கையிலிருந்த டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவிலிருந்த அந்தக் காலனித் தெருவில் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. எந்தக் கட்டடத்தின் மேல் சோலார் தகடு பதித்தால் அது தன் கரண்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவது அவன் வேலை. ஊருக்கு ஓர் இடம்தான். ஒன்று, பெரிய கட்டடம். இல்லையென்றால் வீடுகள் ஒட்டினாற்போல் இருக்கும் ஒரு தெரு. இந்த ஊருக்குப் பண்ணை வீடுதான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அதிராம்பட்டினத்திலிருந்து பஸ் ஏறியிருந்தான்.

"கூரை வீடா? எங்க தெருவா?" காத்தாயிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவள். தலையெல்லாம் வைக்கோல் தூசி. "கொஞ்சம் அண்ணாந்து பாருங்க தம்பி!"

"நான் எதுக்கும்மா அண்ணாந்து பாக்கணும்? ட்ரோன் மேலேருந்தே பாத்துருச்சு." படத்தைக் காட்டினான். தெரு முழுக்க மஞ்சள் மஞ்சளாக முகடுகள்.

காத்தாயி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த நீலாம்பாளும் சேர்ந்துகொண்டாள்.

"அது வைக்கோல்தாங்க. ஆனா வேய்ஞ்சது இல்ல, தளத்து மேல ஏத்தி வெச்சது. கீழ போட்டா ஆடு மாடு வுட்டு வைக்குமா? தை அறுப்பு முடிஞ்சு நாங்க ஏத்தினப்புறம்தான் உங்க ட்ரோன் பறந்துருக்கு. ஏறிப் பாருங்க."

ஏறிப் பார்த்தான். வைக்கோலை விலக்கிக் காலால் தட்டினான். நல்ல கான்கிரீட். சுற்றிலும் ஒரு மரத்து நிழல்கூட விழவில்லை. கலந்தர் முகத்தில் அசடு வழிந்தது.

"இவ்வளவு வைக்கோலும் யாரோடதும்மா?"

"எங்களுதுதான்!" காத்தாயியின் குரல் நிமிர்ந்தது. "எங்கம்மா காலத்துல பண்ணையில பாதி பதரா இருக்கற கருக்கா நெல்லைத்தான் கூலியா அளப்பாங்க. வைக்கோல்ல ஒரு பிடி எடுத்தாலும் அடி விழும். கொடி புடிச்சு, ஜெயிலுக்குப் போயி வாங்கின நெலம் தம்பி. அதுல வெளைஞ்சதை மாடியில ஏத்தி வெச்சா நாலு ஊருக்குத் தெரியும்ல!"

"இதை எறக்கினாத்தான் தகடு வைக்க முடியும்."

"நாளைக்கே எறக்கிடறோம். வைக்கோல் போர் போட எடம் நான் தர்றேன்."

இவளுக்கு ஏது அவ்வளவு இடம் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரிம்மா, தெரு தேறும். ஆனா பண்ணை வீடும் தேறுது. பெரிய மாடி, ஒரே எடத்துல வேலை முடிஞ்சுடும். அதைத்தான் எழுதப்போறேன்."

"பண்ணை வீட்டை வுட்டுடுங்க. தெருவுக்குக் குடுங்க."

"ஏன்?"

"இந்த ஊருக்குக் கரண்டு வந்தப்ப கம்பம் பண்ணை வீட்டு வாசலோட நின்னுபோச்சு. அங்க லைட்டு எரியறதை நாங்க இருட்டுல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தோம். இந்தத் தடவை தெருவுக்குத்தான் மொதல்ல வரணும்."

கலந்தருக்குக் கோபம் வந்தது. "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு அடுத்தவங்களுக்கு வர்றதைக் கெடுக்கலாமாம்மா? இப்ப அந்த வீட்டுல இருக்கறவங்க உங்களை என்ன பண்ணினாங்க?"

நீலாம்பாள் முறத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். காத்தாயி அவளை ஒரு முறை முறைத்தாள்.

"ஒண்ணும் பண்ணலீங்க. நல்லவங்கதான்."

"அப்ப அவங்களே வேணாம்னு சொல்லட்டும். கையெழுத்துப் போட்டுட்டா தெருவுக்கே எழுதிடறேன். வர்றப்ப பாத்தேன், கேட்டு பூட்டிக் கெடக்கு."

"வாங்க, போய்க் கேப்போம்" என்று முன்னால் நடந்தாள்.

பண்ணை வீட்டை நெருங்கியதும் கலந்தர் நடையை மெதுவாக்கினான். வீட்டுக்காரர் யாரோ, என்ன சத்தம் போடுவாரோ! தலைத் தூசியைக்கூடத் தட்டாமல் இவள் வாசல் வழியாகவே போகிறாளே, யாரையாவது கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று அவனுக்குப் பதைத்தது.

காத்தாயி கேட்டுக்கு முன்னால் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

"பண்ணைக் குடும்பம் இதை வித்துட்டு மெட்ராஸ் போயி ரொம்ப நாளாச்சு; என் பொண்ணுங்க சம்பாதிச்சு எனக்கு வாங்கிக் குடுத்த வீடு இது. உள்ள வந்து ஒக்காருங்க தம்பி, எங்க கையெழுத்துப் போடணும்?"