அலுமாரிக்குள் சுற்றிவளைப்பு

"இஞ்சாருங்கோ, ஜெர்மனிக்கு வந்து, ஹம் நகரச் சந்தையில வாங்கின பிரஷ்யக் குதிரைப்படைப் பொம்மையளோடதானே துவங்கினீங்கள்? பிறகு ஜெர்மன் ஆமி. இப்ப எங்கட ஆக்களோ?" கண்ணாடி அலுமாரியைத் துடைத்தபடி கேட்டாள் புனிதமலர்.

"சேர்க்கச் சேர்க்க மனம் வேற பக்கம் போகுமப்பா," என்றார் நவரத்தினம், பொம்மைக்கு நிறம் தீட்டியபடி.

கீழ்த்தட்டில் விரலளவு இலங்கை ஆமிக்காரர்கள். சுற்றிவளைப்பில் பிடித்து வரிசையாக நிறுத்திய விரலளவு பெடியன்கள். எதிரே, கண்களுக்கு மட்டும் ஓட்டை விட்ட சாக்கை முகத்தில் மாட்டிய தலையாட்டி. அவன் தலையை ஆட்டினால் போதும், எதிரே நிற்பவனை ஆமி கொண்டுபோய்விடும்.

"என்ர அண்ணையையும் இப்பிடித்தானே கொண்டுபோனவங்கள். இண்டைவரைக்கும் ஆர் காட்டிக்குடுத்ததெண்டு தெரியாது."

சொல்லிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. மூன்றாவது பெடியனுக்குப் பச்சைச் சட்டை. நெஞ்சில், பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளியாய் ஓர் ஊசி.

"இது அண்ணையெல்லே! பிடிச்ச அண்டைக்கு விடியத்தான் நான் அந்த ஊசியைக் குத்திவிட்டனான். உங்களுக்குக்கூடச் சொன்னதில்லை. நீங்கள் அப்ப கொழும்பிலை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அண்ணையை அண்டைக்குக் கண்டனீங்களோ?"

நவரத்தினம் அவளை நேராகப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினார்.