விராலின் வயிற்றில்

குண்டசாலையில் மகாவலிக் கரையோரம், பொரித்த விராலைத் தின்றபடி, எந்த லூரில், எந்தப் போலி இரையில், எந்த மீன் மாட்டியது என்று தூண்டில்காரர்கள் ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.

"இந்த விரால் வயித்துல என்னா கெடந்துச்சு தெரியுமா?" என்று, அன்றுதான் அறிமுகமான தியாகு பக்கத்திலிருந்த மகேசனிடம் பித்தளை லூர் ஒன்றை நீட்டினான்.

சின்ன மீன் வடிவம், சிவப்புக் கண், வாலில் பழைய கீறல். மகேசன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது... எங்கப்பாவோடது."

"அட! மீனு தூண்டி நரம்பை அறுத்துக்கிட்டுப் போயிருக்கும். கொண்டுபோய்க் குடுங்கண்ணே, சந்தோசப்படுவாரு."

மகேசன் லூரைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"அறுத்துக்கிட்டுப் போகல தம்பி. போன மாசம் அவரோட அஸ்திப் பானைக்குள்ள நான்தான் இதைப் போட்டு, இதே ஆத்துல விட்டேன்."

யாரும் மெல்லவில்லை. மகேசன் குனிந்து தன் தட்டைப் பார்த்தான்.

முள் மட்டும்தான் மிச்சமிருந்தது.